எஸ்-லாக்3-ல் இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்தேன், வேட்டி போச்சு

தேக்கா நிழல்:
போன சனிக்கிழமை ஒரு கல்யாண வேலை. புளோக்கின் கீழே வாய்ட் டெக்கில் (அடுக்குமாடியின் திறந்த தரைத்தளம்) நலங்கு, அப்புறம் மாப்பிள்ளையை மேளத்தோடு கார் வரைக்கும் அழைத்துப் போனார்கள், மணி 12. எஸ்-லாக்3-ஐ (சோனி கேமராவில், பின்னால் நிறம் திருத்த வசதியாக மங்கலாகப் பதியும் முறை) எப்போதும் இரண்டு ஸ்டாப் கூட்டித்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) எடுக்கணும், இல்லையென்றால் நாய்ஸ் (படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரிவது) வரும் என்று சொல்கிறார்களே, அப்படியே செய்தேன். நிழலில் முகமெல்லாம் அருமை. வெயிலில் கால் வைத்ததும் வேட்டி வெறும் வெள்ளைத் தாள். கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) வெளிச்சத்தை இறக்கினால் சாம்பல் நிறமாகிறதே தவிர சரிகை தெரியவில்லை. என் தப்பா, ஃபார்முலா தப்பா?

கிளமெண்டி வேவ்ஃபார்ம்:
ஃபார்முலாதான். எஸ்-லாக்3-ல் வேவ்ஃபார்மைப் (வெளிச்ச அளவைச் சதவீதத்தில் காட்டும் வரைபடம்) பார்த்தால் 18% சாம்பல் அட்டை 41-ல் உட்காரும், வெள்ளைத் தாள் 61-ல், கிட்டத்தட்ட 94-ல் கதை முடிந்துவிடும். ஒரு ஸ்டாப்புக்கு சுமார் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூட்டியதும் நிழலில் இருந்த வெள்ளையே 79-க்கு வந்துவிட்டது. அதற்கு மேல் இரண்டு ஸ்டாப்கூட இல்லை, வெயிலோ நிழலைவிடக் குறைந்தது மூன்று ஸ்டாப் கூட இருக்கும். பிலிம் என்றால் உச்சியில் மெதுவாக வளைந்து மங்கும். சென்சார் அப்படியில்லை, குடம் நிறைந்ததும் வழிந்தது வழிந்ததுதான்.

ஈசூன்காரன்:
மூன்று என்று யார் அளந்தது அண்ணே? வாய்ட் டெக்கின் உள்ளே தள்ளி நின்றால் நண்பகலில் ஐந்து ஸ்டாப் சாதாரணமாக வரும். கூட்டாமல் எடுத்திருந்தாலும் வேட்டி போயிருக்கும், கூடவே முகமும் இருட்டில் கிடந்திருக்கும். நம் ஆட்களின் தோல் நிறத்துக்கு வேவ்ஃபார்மில் முகம் ஏற்கெனவே கீழேதான் இருக்கும், அதைக் கிரேடிங்கில் தூக்கினால் கன்னத்தில் எறும்பு ஊர்வது மாதிரி நாய்ஸ். கல்யாண வீட்டில் யாரும் வேட்டியைப் பார்த்து அழுவதில்லை, முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் எப்போதும் இரண்டு கூட்டித்தான் எடுக்கிறேன்.

கிளமெண்டி வேவ்ஃபார்ம்:
முகம் முக்கியம், சரி. உள்ளே உட்கார்ந்து மஞ்சள் பூசும்போது கூட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? பின்னால் தெரியும் கார் நிறுத்துமிடம் வெளுத்தாலும் நட்டமில்லை. நடந்து வெளியே வரும் ஷாட்டில் அதே அளவை வைத்திருப்பதுதான் பிரச்சினை. அங்கே வெளுப்பது சுவர் இல்லை, ஆள்.

தேக்கா நிழல்:
ரா (RAW, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) முறையில் எடுத்திருந்தால் ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் ஹைலைட் ரிக்கவரி (வெளுத்த இடத்தை மீட்கும் வசதி) போட்டு மீட்டிருக்கலாமா? இன்னொன்று, என்டி (லென்ஸுக்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டிருந்தால் ரேஞ்ச் (பதியக்கூடிய இருட்டு-வெளிச்ச எல்லை) கூடியிருக்குமா?

கிளமெண்டி வேவ்ஃபார்ம்:
சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றாவது நிறையாமல் இருந்தால்தான் ரிக்கவரி அதை வைத்து மற்றதை ஊகிக்கும். பெரும்பாலும் பச்சை முதலில் நிறையும், அதனால்தான் ராவில் சிலசமயம் வெளிச்சம் ரோஸ் நிறமாகத் தெரியும். மூன்றும் போனால் ஊகிக்க ஒன்றுமில்லை. என்டி எல்லாவற்றையும் ஒரே அளவு இறக்கும், நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான். ஆனால் சோனியின் எஃப்எக்ஸ்6 கேமரா மாதிரி உள்ளேயே மாறும் என்டி இருந்தால் நடக்கும்போதே மெல்ல இறக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

ஈசூன்காரன்:
எல்லார் கையிலும் எஃப்எக்ஸ்6 இருக்கா? தனி ஆளாகக் கூட்டத்தில் பின்னோக்கி நடந்துகொண்டே எடுப்பவனுக்கு ஒரு கை ஃபோகஸில், ஒரு கண் மேளக்காரர் மேல். உள்ளே ஒரு எல்இடி பேனலை முகத்துக்கு வையுங்கள். நிழல் ஒரு ஸ்டாப் ஏறினால் இடைவெளி ஒரு ஸ்டாப் குறையும், என்டி செய்யாத வேலை அது.

கிளமெண்டி வேவ்ஃபார்ம்:
இது நல்ல யோசனை. ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் சீப்ராவை (குறித்த அளவுக்கு மேல் வெளிச்சம் போனால் திரையில் கோடு காட்டும் வசதி) 94-ல் வைத்து, வேட்டியில் கோடு ஓடினால் ஐரிஸை (லென்ஸின் துவாரம்) மூடுங்கள்.

ஈசூன்காரன்:
மூடினால் முகம் கறுக்கும். நான் மாற மாட்டேன்.

தேக்கா நிழல்:
அடுத்த வேலையில் உள்ளே பேனல், வாசல் ஷாட்டுக்குக் கூட்டாமல் எடுக்கிறேன். இந்த வீடியோவை நேற்றுதான் காட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, பட்டு வேட்டிதானே எடுத்துக்கொடுத்தோம், காட்டன் மாதிரி இருக்கே?" ஈசூன் அண்ணே, அந்தம்மா முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.