ஹார்லெக் கோட்டை: கப்பல் வந்த கடல் எங்கே போயிற்று?

கேள்வி:
வணக்கம். வரும் மே மாதம் வேல்ஸின் மேற்குக் கரையிலுள்ள ஹார்லெக் கோட்டைக்கு அம்மாவை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். முற்றுகைக் காலத்தில் கோட்டையின் அடிவாரத்திலேயே கப்பல்கள் உணவை இறக்கின என்று படித்தேன். படங்களிலோ கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடுகளும் கோல்ஃப் மைதானமுமே தெரிகின்றன. எது சரி? மூட்டுவலி உள்ள அம்மாவால் அங்கே ஏற முடியுமா?

மறுமொழி 1:
இரண்டுமே சரிதான். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1282-83இல் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது கடல்நீர் பாறையின் அடிவரை வந்துகொண்டிருந்தது. பிற்கால நூற்றாண்டுகளில் மணல் சேர்ந்து கரை மேற்கே தள்ளிப்போய்விட்டது. கட்டுமானத்தை வழிநடத்திய செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ் என்ற சவாய் நாட்டுத் தலைமைக் கொத்தர், பாறைச் சரிவில் மதில் காவலுடன் 108 படிகளைக் கீழே நீர்வாயில் வரை இறக்கியிருந்தார். 1294இல் மடோக் அப் லூவெலின் என்ற வேல்ஸ் தலைவர் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்து நிலவழியை அடைத்தபோது, நாற்பதுக்கும் குறைவான காவலர்கள் தாக்குப்பிடித்ததற்கு அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த உணவே காரணம்.

மறுமொழி 2:
முந்தைய மறுமொழியுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடல்வழி எப்போதும் காப்பாற்றிவிடவில்லை. 1404இல் வேல்ஸ் தலைவர் ஒவைன் கிளிண்டூர் கோட்டையைக் கைப்பற்றித் தம் குடும்பத்தையும் அங்கேயே குடியேற்றினார். 1409இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டு மீட்டபோது அவருடைய மனைவியும் மகள்களும் சிறைப்பட்டு லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1461 முதல் 1468 வரை, இங்கிலாந்து அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் என்ற இரு அரச குலங்கள் மோதிய ரோஜாப் போர்களின்போது, லங்காஸ்டர் தரப்பினர் ஏழு ஆண்டுகள் இதே மதிலுக்குள் நின்றனர். என்னைக் கேட்டால், பிரமாண்டமான வாயிற்கட்டடத்தைவிட அந்தப் படிகளே இக்கோட்டையின் உயிர்நாடி.

மறுமொழி 3:
நான் ரயிலில் போனேன். நிலையத்தில் இறங்கியதும் தலைக்கு மேலே கோட்டை தெரியும், ஆனால் ஊர்ப் பக்கம் போய்ச் சேரும் ஏற்றம் மிகவும் செங்குத்து. அம்மாவை அவ்வழியே நடத்திச் செல்லாதீர்கள், காரில் மேலே போய்விடுங்கள். 2015இல் திறந்த நடைபாலம் அகழியைத் தாண்டி வாயிற்கட்டடத்தில் சேர்க்கிறது. முன்பிருந்த படிக்கட்டுத் தொல்லை இப்போது இல்லை. உள்முற்றம் வரை அவர் நிதானமாக வந்து அமரலாம். கோபுரங்களின் சுழற்படிகள் குறுகலானவை, தேய்ந்தவை, மழை பெய்தால் வழுக்கும். அங்கே நீங்கள் மட்டும் ஏறுங்கள். கூரை எங்கும் இல்லை, காற்றும் கடுமையாக வீசும், எனவே மே மாதம் என்றாலும் அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை எடுத்துச் செல்லுங்கள். மதில் மேல் நின்று மேற்கே பார்த்தால் கப்பல்கள் வந்த இடம் முழுதும் இன்று புல்லும் மணலுமாக விரிந்து கிடப்பதையும், வடக்கே ஸ்னோடோனியா மலைகளையும் ஒருசேரக் காணலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் அம்மா முற்றத்தில் அமர்ந்திருக்கட்டும். நான் அந்த 108 படிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன்.