ஆல்ப் துயெஸ் ஏற எந்த கியர் சரி?
நண்பர்களே, வரும் ஜூலையில் பிரான்சின் ஆல்ப் துயெஸ் பனிச்சறுக்கு ஊர் வரை ரோட் பைக்கில் (சாலைக்கான சைக்கிள்) ஏறப் போகிறேன். 1952 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் இத்தாலிய வீரர் ஃபவுஸ்தோ கோப்பி ஜெயித்த அதே 21 கொண்டை ஊசி வளைவுகள், பல வருட ஆசை. 13.8 கி.மீ., சராசரி ஏற்றம் 8.1 சதவீதம், ஆனால் பயமே அந்த முதல் இரண்டு கிலோமீட்டர்தான், அங்கே 10 சதவீதத்தையும் தாண்டுகிறது, உடம்பு சூடாவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

என்னிடம் முன்னால் 50/34 பல் சக்கரங்கள், பின்னால் 11-28 கேசட் (11 முதல் 28 பல் வரையிலான பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி). கேசட்டை 11-34க்கு மாற்றினால் ரியர் டிரெய்லியரையும் (பின்பக்கம் சங்கிலியை நகர்த்தி கியர் மாற்றும் கருவி) மாற்ற வேண்டுமா? போன முறை வேறொரு மலையில் பெடல் சுற்ற முடியாமல் முழங்கால் வலியோடு பாதியிலேயே திரும்பினேன், இந்த முறை மேலே போய்ச் சேர்ந்தே ஆகணும்.

அப்புறம், ஏறியவர்கள் சொல்லுங்கள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், இறங்கும்போது குளிருக்கு ஜாக்கெட் தேவைப்பட்டதா?