தரை தொட்ட பிறகு விமானம் கையை மீறிப் போன கதை

ஓடுபாதையில் விமானம் கட்டுப்பாடு இழந்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உண்டு, இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கை வேர்க்கும்.

ஊர் நாகர்கோவில், வடசேரிப் பக்கம். நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, அதனால் பறக்கப் படித்தது வெளிமாநிலத்தில், செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில். தனியாகப் பறக்க விட்டுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அன்று இடப்பக்கமிருந்து பக்கக்காற்று, ஏழெட்டு நாட் இருக்கும் (மணிக்குச் சுமார் 13-15 கி.மீ.), நடுநடுவே கூடி வீசியது. 15 நாட் பக்கக்காற்றில் இறக்கிக் காட்டிய விமானம் இது, கையேட்டிலேயே இருக்கிறது, அந்தத் தைரியம் எனக்கு.

இறக்கம் நன்றாகவே வந்தது. இடது சக்கரம், அப்புறம் வலது, கடைசியில் மூக்குச் சக்கரம். இறங்கியாச்சு என்று நினைத்து, காற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்த கைப்பிடியை நேராக்கிவிட்டேன். தப்பு அங்கேதான். அடுத்த வீச்சில் இடது இறக்கை எழும்பியது, வாலில் காற்று மோதி மூக்கு இடப்பக்கம் திரும்பியது, நான் பதறிப்போய் வலது ரட்டரை (வாலில் மூக்கைத் திருப்பும் பலகை, கால் பெடலால் இயக்குவது) முழுசாக அமுக்கிக் கூடவே வலது பிரேக்கையும் மிதிக்க, பாரமெல்லாம் வலது சக்கரத்தில் இருந்ததால் விமானம் சட்டென்று வலப்பக்கம் பாய்ந்து, ஓடுபாதையை விட்டு இறங்கிப் புல்லில் போய் நின்றது. எனக்கு அடி இல்லை. வலது டயர் ஒரு இடத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தது.

பயிற்சியாளர் திட்டவில்லை. "தொட்ட பிறகு உன் கை எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். வேகம் குறையக் குறைய எய்லரானுக்கு (கைப்பிடியைத் திருப்பினால் அசையும் இறக்கை ஓரத்துப் பலகை) வலு குறையும், அதனால் தரையில் ஓடும்போது காற்றுப் பக்கம் அதை இன்னும் கூட்டிக்கொண்டே போக வேண்டும், நான் செய்தது நேர் எதிர்.

நமக்கு இது தெரியாததும் இல்லை. ஆனி ஆடியில் முப்பந்தல் வழியாக பைக்கில் போனவர்கள் யோசித்துப் பாருங்கள். காற்றுக்குச் சாய்ந்தே ஓட்டுவோம். லாரியை முந்தும்போது காற்று மறைந்து வண்டி லாரிப் பக்கம் போகும், தாண்டியதும் மறுபடி அடித்துத் தள்ளும். அங்கே யாரும் காவல்கிணறு வந்து சேரும்வரை கையைத் தளர்த்த மாட்டார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் எழுதியது:

தம்பி, உங்களுடையது மூக்குச் சக்கர விமானம், பாரம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும், ஓரளவு தானாகவே நேராக ஓடப் பார்க்கும். நான் மெக்கானிக்காக இருந்த இடத்தில் புஷ்பக் என்ற சிறு விமானம் இருந்தது, வாலில் சக்கரம். அதில் பாரம் பின்னால், கொஞ்சம் திரும்பினால் வால் முன்னே வரத் துடிக்கும். ஒரு பையன் கால் தாமதித்து, விமானம் அப்படியே சுழன்று இறக்கை நுனி தரையில் உரசியது. துணி போர்த்திய இறக்கை, கிழிந்துவிட்டது. தைத்து, துணியை விறைப்பாக்கும் டோப் என்ற பூச்சைப் பூசி, காய வைத்து முடிக்க எங்களுக்கு நாள்கணக்காயிற்று. உங்களை அதற்குப் பிறகு எப்போது தனியாக விட்டார்கள்?

அண்ணாச்சி, உடனே விடவில்லை. மறுநாள் காலை பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே ஏறாமலே ஓடுபாதை நெடுக மெதுவாக ஓட்டச் சொன்னார், கைப்பிடி காற்றுப் பக்கம், கால் இரண்டும் பெடலில், என்ஜின் அணையும் வரை. நாலு தடவை. அஞ்சாவதுதான் பறந்தோம்.