ஹீட் பம்ப் வெந்நீர்: 60-லயே விடலாமா, 48-க்கு இறக்கலாமா?

வெந்நீர்ப்பிரியன்:
காத்துல இருந்து சூட்டை எடுக்கிற ஹீட் பம்ப், 200 லிட்டர் டேங்க். போட்டு ஆறு மாசம் ஆச்சு. மாட்டின ஆள் 60 டிகிரியில வச்சுட்டு, "இதைத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். குளிக்கிறப்ப பாதிக்குமேல பச்சைத்தண்ணிதான் கலக்கறோம், அப்புறம் எதுக்கு 60? வீட்ல நாலு பேர், மாமியாருக்கு வயசு 78. 'ஹிஸ்டரிசிஸ்'னு ஒரு செட்டிங் 5-ல இருக்கு, அது என்ன ஏதுன்னே புரியல. வாராவாரம் ஒருதடவை 60-க்கு ஏத்துற செட்டிங்கும் ஆன்ல இருக்கு. 48-க்கு இறக்கிடலாமா?

மீட்டர்மணி:
இன்னிக்கே இறக்குங்க. 15 டிகிரி தண்ணி 200 லிட்டரை 60-க்குக் கொண்டுபோக 10.5 யூனிட் வெப்பம் வேணும், 48-க்கு 7.7 போதும். அதோட முடியல. தண்ணி சூடாக ஆக கம்ப்ரஸர் திணறும். என் மெஷின்ல 48 வச்சா சி.ஓ.பி. (ஒரு யூனிட் கரண்ட்டுக்குக் கிடைக்கிற வெப்ப யூனிட்) 3.2 வரும், 60 வச்சா 2.4-தான். கரண்ட்டா மாத்திப் பாருங்க: 4.4 யூனிட் எங்க, 2.4 எங்க! கிட்டத்தட்ட பாதி மிச்சம்.

குழாய்க்கலை:
மணி சார், கணக்கு மட்டும் போட்டா போதாது. லெஜியோனெல்லான்னு நுரையீரலைத் தாக்குற பாக்டீரியா 20-லிருந்து 45 டிகிரி வரைக்கும் சுகமா பெருகும். டிஸ்ப்ளேல 48 காட்டுதுன்னா சென்சார் இருக்கிற இடத்துல 48, அவ்வளவுதான். டேங்க் அடியிலயும், யாரும் திறக்காத குழாய்லயும் தண்ணி வெதுவெதுன்னு நிக்கும். 1976-ல பிலடெல்பியாவுல ஒரு மாநாட்டுக்கு வந்தவங்க கொத்தா செத்தாங்களே, அந்தக் கிருமிதான் இது. 78 வயசுக்காரங்க இருக்கிற வீட்ல நான் 60-க்குக் கீழ வச்சுக் குடுக்கவே மாட்டேன்.

மீட்டர்மணி:
பிலடெல்பியாவை இழுக்காம இந்தப் பேச்சு முடியாதா? அது ஓட்டல் ஏசியோட கூலிங் டவர் விவகாரம்னு சொல்வாங்க. வீட்டு வெந்நீர் டேங்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நாலு பேர் இருக்கிற வீட்ல தண்ணி தினமும் காலியாகி புதுசா நிரம்புது. தேங்கினாதானே பெருகும்?

குழாய்க்கலை:
கூலிங் டவர்தான், ஒத்துக்கறேன். ஆனா குடிச்சா வர்ற நோய் இல்ல அது, பொடித்துளியை மூச்சுல இழுத்தா வர்றது. ஷவரும் பொடித்துளிதானே அடிக்குது? 60 டிகிரியில பத்துல ஒன்பது கிருமி ரெண்டே நிமிஷத்துல காலி. 50-ல அதே வேலைக்கு ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஆகும். 48-ல சாகும்னு நம்பி உட்கார முடியாது, பெருகாம நின்னா பெரிசு.

அரைடிகிரி:
ரெண்டு பேரும் மூச்சு விடுங்க. மணி, உங்க "பாதி மிச்சம்" தப்பு. காலி டேங்கை முழுசா நிரப்புற கணக்கு அது. குளிக்கிற ஆள் எடுக்கிற வெப்பம் செட்டிங் மாறினதால மாறாது, 60-ல பச்சைத்தண்ணி அதிகம் கலப்பார், அவ்வளவுதான். நாளுக்கு 6 யூனிட் வெப்பம் செலவாகுதுன்னு வைங்க, உங்க சி.ஓ.பி.படியே 2.5 யூனிட் கரண்ட் 1.9 ஆகும். கால்வாசி மிச்சம். டேங்க் சும்மா நிக்கிறப்ப கசியற சூடு குறையறது தனி. அதுவும் சின்ன விஷயம் இல்ல, ஆனா பாதி இல்ல.

கேட்டவருக்கு: ஹிஸ்டரிசிஸ் 5-ன்னா, 48 வச்சீங்கன்னா 43-க்கு இறங்கினதும் கம்ப்ரஸர் கிளம்பும். ரொம்பச் சின்னதா வச்சா ரெண்டு பக்கெட் பிடிச்சாலே ஓட ஆரம்பிக்கும், சும்மா சும்மா ஓடி நிக்கிறது கம்ப்ரஸருக்கு ஆகாது. 10 வச்சா 38 வரைக்கும் காத்திருக்கும், அந்த நேரம் பார்த்து குளிக்கப் போறவர் உங்களைத் திட்டுவார். செட்டிங்கை இறக்கறப்ப இதையும் சேர்த்துப் பார்க்காதவங்கதான் "48 பத்தல"ன்னு புலம்பறாங்க. இன்னொண்ணு, 40 டிகிரி குளியல் தண்ணியா பார்த்தா 60-ல இருக்கிற டேங்க் 360 லிட்டர் தரும், 48-ல இருக்கிறது 264. நாலு பேரும் வரிசையா குளிக்கிற வீடுன்னா கடைசி ஆளை நினைச்சுப் பாருங்க. முடிஞ்சா மதியம் வெளிக்காத்து சூடா இருக்கிறப்ப ஓடற மாதிரி டைமர் வைங்க, அதே 48-க்கு இன்னும் கம்மியா கரண்ட் இழுக்கும்.

(உள்ள சூட்டைக் கடத்துற வாயுவா கார்பன் டை ஆக்சைடு ஓடற மெஷினா இருந்தா மேல சொன்னதுல பாதி செல்லாது. அதுக்கு உள்ள வர்ற தண்ணி குளிர்ச்சியா இருக்கிறதுதான் முக்கியம்.)

நைட்ஷிப்ட்நர்ஸ்:
எல்லாரும் கிருமியையும் கரண்டையும் பிடிச்சுக்கிட்டீங்க. தோலை யாரும் பேசல. 60 டிகிரி தண்ணி அஞ்சாறு செகண்ட்ல ஆழமா வெந்துபோக வைக்கும், குழந்தைங்க, வயசானவங்கன்னா இன்னும் சீக்கிரம். அவங்க சட்டுனு கையை எடுக்கவும் மாட்டாங்க. கலை அண்ணா, 60 வைக்கிற வீட்ல, பச்சைத்தண்ணியைத் தானே கலந்து சூட்டைக் குறைக்கிற மிக்ஸிங் வால்வும் போடறீங்களா?

குழாய்க்கலை:
கேட்டா போடறேன்மா.

நைட்ஷிப்ட்நர்ஸ்:
கேக்கலேன்னா?

மீட்டர்மணி:
😀 சரி, நான் ஒரு படி இறங்கி வர்றேன். தினமும் 48, வாரத்துல ஒருநாள் 60. அந்த செட்டிங்தான் ஏற்கெனவே இருக்கே. பிரச்சினை தீர்ந்துச்சு.

அரைடிகிரி:
தீரணும்னா அது நிஜமாவே 60-க்குப் போகணும். நிறைய மெஷின்ல கம்ப்ரஸர் 55 வரைக்கும்தான் ஏத்தும், மிச்சத்தை டேங்க்குள்ள இருக்கிற கரண்ட் ஹீட்டர் பார்த்துக்கும், அங்க ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். வெந்நீர்ப்பிரியன், எந்த நாள் எவ்வளவு தொட்டுதுன்னு மெனுவுல ரெக்கார்டு இருக்கும். பார்த்துச் சொல்லுங்க.

வெந்நீர்ப்பிரியன்:
பார்த்தேன். ஞாயித்துக்கிழமை ஒவ்வொண்ணுலயும் 54, 54, 53, 54. 60 ஒருதடவைகூட இல்ல. ஹீட்டருக்குத் தனி பிரேக்கர் ஒண்ணு இருந்துச்சு, ஆஃப்ல கிடந்துச்சு. மாட்டின நாள்ல இருந்தே அப்படித்தான் போல. அப்போ "60-ல வச்சிருக்கேன்"னு அவர் சொன்னதே டிஸ்ப்ளேல மட்டும்தான். ஆறு மாசமா நாங்க 54 டிகிரியிலதான் குளிச்சிருக்கோம்.

மீட்டர்மணி:
பார்த்தீங்களா! 60 தொடாமலே ஆறு மாசம் ஓடியிருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

குழாய்க்கலை:
அதிர்ஷ்டத்தை ஆதாரம்னு சொல்லாதீங்க சார். 54-ங்கிறது உங்க 48 இல்ல. வெந்நீர்ப்பிரியன், பிரேக்கரைப் போடுங்க, ஆனா அன்னிக்கு மிக்ஸிங் வால்வு இல்லாம மாமியாரைக் குளிக்க விடாதீங்க. நர்ஸம்மா சொன்னது சரி, இனிமே கேக்காமலே போடறேன்.

வெந்நீர்ப்பிரியன்:
பிரேக்கர் ஆன். தினசரி 50, ஹிஸ்டரிசிஸ் 6-ன்னு வச்சிருக்கேன். வால்வு வாங்கியாச்சு. அதை டேங்க் வாசல்ல மாட்டறதா, பாத்ரூம்ல மாட்டறதா?