கண்ணெதிரே சிறு சூரை மீன்கள் நீரைக் கொதிக்க வைக்கின்றன, ஒன்றுகூடக் கடிக்கவில்லை: என்ன தவறு செய்கிறேன்?

கேள்வி

அமெரிக்காவின் கேப் காட் தென்கரையில், நான்டக்கெட் சவுண்ட் கடற்பகுதியைப் பார்த்த கல் தடுப்புச் சுவர் ஒன்றில் நின்று செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து தூண்டில் வீசுகிறேன். ஐந்து விடியல்கள் கழிந்துவிட்டன. ஒவ்வொரு நாளும் ஆலாப் பறவைகள் கூட்டமாகப் பாய்கின்றன, அவற்றின் அடியில் தண்ணீர் கொதிக்கிறது. ஃபால்ஸ் ஆல்பகோர் என்கிற சிறு சூரைதான். முதுகில் புழு நெளிந்தது போன்ற கோடுகளைத் தெளிவாகவே பார்த்தேன். என் வீச்சுக்கு எட்டும் தூரத்தில்தான் வருகின்றன.

ஸ்பின்னிங் தூண்டில் கோலில் 20 பவுண்டு பின்னல் நரம்பு; லூர் என்னும் போலி இரையாக, நீரின் மேல் துள்ளும் 4 அங்குல பாப்பர், 1 அவுன்ஸ் உலோக ஸ்பூன். போன மாதம் கூர்மையான பல்லுள்ள ப்ளூஃபிஷ் மீன்கள் இரண்டு லூர்களை அறுத்துக்கொண்டு போனதால் ஒரு சாண் எஃகுக் கம்பியும் சேர்த்திருக்கிறேன். 9-ஆம் எண் ஃப்ளை கோலில் மிதக்கும் நூல், 5 அங்குல டிசீவர் ஃப்ளை (முடியும் இறகும் கொண்டு கட்டிய இலேசான போலி இரை). இரண்டிலும் கடி இல்லை. நேற்று ஒரு மீன் ஸ்பூனின் பின்னாலேயே வந்து, கல்லருகில் திரும்பிப் போய்விட்டது. அக்டோபர் முடிவதற்குள் இவை தெற்கே போய்விடும். ஒன்றையாவது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று மனம் துடிக்கிறது.

பதில் 1

இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். அவை எதைத் தின்கின்றன? கல்லிடுக்குகளில் ஒதுங்கி நிற்கும் குஞ்சுகளைப் பாருங்கள், நீளம் என்ன? அடுத்து, உங்கள் லூர் எங்கே விழுகிறது?

கேட்டவர்

குஞ்சுகள் கண்ணாடி போல இருக்கின்றன, பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு. நெத்திலி இனம். நீளம் இரண்டு அங்குலம், மிஞ்சினால் இரண்டரை. லூரைக் கொதிப்பின் நடுவில்தான் போடுகிறேன்.

பதில் 2

விடை உங்கள் கையிலேயே இருக்கிறது, நண்பரே. இரண்டு அங்குல நெத்திலியை வடிகட்டுவது போலத் தின்றுகொண்டிருக்கும் மீனிடம் 4 அங்குல மரக்கட்டையை நீட்டுகிறீர்கள். இந்த மீனுக்குப் பார்வை மிகக் கூர்மை. இலையுதிர்காலத் தெளிந்த நீரில் கம்பி, அதை இணைக்கும் சுழலி, கொக்கி எல்லாமே அதன் கண்ணில் படும்.

முதலில் கம்பியைக் கழற்றுங்கள். பின்னல் நரம்பின் முனையில் நீரில் எளிதில் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்பு 3 அல்லது 4 அடி, 12 முதல் 15 பவுண்டு, முடிச்சு மட்டும் போட்டு இணையுங்கள். லூரை அதில் நேரடியாகக் கட்டுங்கள். அரை அவுன்ஸ் எபாக்சி ஜிக் (எபாக்சி பிசின் பூசிய சிறு லூர்) போதும். உருவம் சிறியது, எடை இருப்பதால் காற்றிலும் தூரம் போகும். நிறம் வெளிர் பழுப்பு அல்லது ஒலிவப் பச்சை.

ப்ளூஃபிஷ் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தை அடையாளம் காணலாம்: ஒரே இடத்தில் நின்று வெட்டித் தின்னும், நீரில் எண்ணெய்ப் படலம் பரவும், கடற்காகங்கள் துண்டுகளைப் பொறுக்கும். அப்போது கம்பியையும் பாப்பரையும் எடுங்கள். சூரை அப்படி நிற்காது, கீறிக்கொண்டு ஓடிவிடும்.

அதனால்தான் நடுவில் வீசக் கூடாது. கொதிப்பு தெரிகிற இடம் மீன் இருந்த இடம்; லூர் விழுவதற்குள் அது கடந்துவிடும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று இரண்டு பாய்ச்சல்களைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் சில கஜம் தள்ளிப் போடுங்கள். கூட்டம் மறைந்தால் கல்லுக்குக் கல் துரத்தவும் வேண்டாம். சுவரின் முனையில் நீவாடு, அதாவது நீரோட்டம், திரும்பி மடிகிற கோடு தெரியும், குஞ்சுகளை அது அங்கேதான் கொண்டு சேர்க்கும். அங்கேயே நில்லுங்கள், பெரும்பாலும் சில நிமிடங்களில் அதே வழியாகத் திரும்பி வரும்.

சுற்றும் வேகம் கை தாங்கும் மட்டும்.

பதில் 3

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். நெத்திலி இவ்வளவு சிறிதாக இருக்கும் நாட்களில் வேகம் பலமுறை எனக்குக் கைகொடுக்கவில்லை. எடையில்லாத மென்பிளாஸ்டிக் இரையை நீரோட்டத்தில் மிதக்கவிட்டு, நரம்பை மட்டும் விறைப்பாக வைத்திருந்தபோது கடித்திருக்கின்றன. மூன்று வேகமான வீச்சுக்குக் கடிக்காவிட்டால் மெதுவாக முயலுங்கள்.

பதில் 4

ஃப்ளை பற்றி. மிதக்கும் நூலைக் காற்றும் அலையும் வளைத்துவிடுகின்றன, ஃப்ளை மேலே இழுபடுகிறது. இன்டர்மீடியட் நூல் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நேராக நிற்கும், கடித்த உடன் விரலில் தெரியும். ஃப்ளை கட்டுவதில் பெயர்பெற்ற பாப் பாப்போவிக்ஸ் உருவாக்கிய சர்ஃப் கேண்டி வகை ஃப்ளையைப் போடுங்கள், இரண்டு அங்குலம். எபாக்சியின் கண்ணாடித்தன்மைதான் நெத்திலிக்கு மிக நெருக்கம். வீசியதும் கோலை அக்குளில் இடுக்கி, இரு கைகளாலும் மாறி மாறி இழுங்கள். இழுத்த நூல் விழ இடுப்பில் நூல் கூடை கட்டாயம், இல்லாவிட்டால் கற்களிலேயே நூல் சிக்கிக் கிடக்கும். ரீலில், ஃப்ளை நூலுக்குப் பின்னால் கட்டும் பின்நூல் குறைந்தது 200 கஜம் இருக்கட்டும்.

கேட்டவர்

இன்று காலை பிடித்தேன்! கம்பியைக் கழற்றி, பழுப்பு ஜிக்கை முன்னால் தள்ளிப் போட்டேன். வேகமாக இழுத்தபோது இரண்டு முறை ஒன்றுமில்லை. வேகத்தைக் குறைத்ததும் ரீல் அலறியது. மூச்சு விடாமல் நூறு கஜம் ஓடிற்று, அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. இருவருக்கும் நன்றி.

ஆனால் இரண்டு வருத்தங்கள். ஃப்ளையில் கடித்ததை, கோலைச் சட்டென்று உயர்த்தி இழந்துவிட்டேன். பிடித்த மீனை, ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனை விடுவது போலத் தண்ணீரில் பிடித்து மெல்ல அசைத்தேன். அது பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்துதான் போயிற்று. பிழைத்திருக்குமா?

பதில் 4

கடித்ததும் கோலைத் தூக்கினால் ஃப்ளை வாயிலிருந்து வெளியே வந்துவிடும். கோல் முனை நீரை நோக்கியே இருக்க, நூலைக் கையால் நீளமாக இழுத்து முள்ளைப் பதியுங்கள். பிறகு மீனைப் பார்க்காதீர்கள், கூடையிலிருந்து எழும் நூலைப் பாருங்கள். அது ரீலை அடைந்தபின் கோலை உயர்த்தலாம்.

பதில் 2

அந்த மீன் பிழைத்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அடுத்த மீனுக்கு இதைச் செய்யுங்கள். சூரை இனம் ஓடினால்தான் மூச்சு. திறந்த வாய் வழியே நீர் பாய்ந்து செவுளைக் கடக்க வேண்டும். கையில் பிடித்து அசைத்தால் அது போதாது. வால் அடியைப் பற்றி, தலை கீழாக, ஈட்டி இறங்குவது போல நீருக்குள் எறியுங்கள். விழுகிற வேகத்திலேயே செவுளில் நீர் ஏறும், அப்படியே ஓடிவிடும். ஸ்ட்ரைப்டு பாஸை நீங்கள் விடுகிற முறை சரியானது, அதை மாற்ற வேண்டாம்.

அரை நிமிடத்துக்கு மேல் வெளியே வைத்திருக்காதீர்கள். கீழ்வரிசைக் கற்களில் பாசி இருக்கும், ஆணி வைத்த காலணி இல்லாமல் மீனை எடுக்க அங்கே இறங்காதீர்கள்.