டாப் ஹேட் போனது நல்லதா கெட்டதா? டிரெஸ்ஸாஜ் உடுப்பு பத்தி ஒரு சண்டை

சேணக்காரன்:
2021லருந்து சர்வதேச டிரெஸ்ஸாஜ்ல (குதிரையை நளினமா நடக்க, திரும்ப வெச்சு மார்க்கு வாங்கற போட்டி) எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு எஃப்.இ.ஐ. (சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு) சொன்னதோட அந்த உசரமான டாப் ஹேட் தொப்பி ஒழிஞ்சுபோச்சு. டெயில்கோட், வெள்ளை பிரீச்சஸ், பளபளன்னு பூட்ஸ், அதுக்கு மேல அந்தத் தொப்பி, இதெல்லாம் சேர்ந்தாத்தான் டிரெஸ்ஸாஜோட உச்சமான கிராண்ட் பிரீக்கு ஒரு கம்பீரம். சமதரை, வருஷக்கணக்கா பழக்கின குதிரை, தாண்ட வேலி கூட கிடையாது. தலையில என்ன வெக்கணும்னு ரைடரே முடிவு பண்ணட்டுமே!

லகான்:
பழக்கின குதிரைக்குக் கால் தடுக்காதா? கோர்ட்னி கிங்-டை 2008 ஒலிம்பிக்ஸ்ல ஓட்டினவங்க. 2010ல சும்மா ட்ரெய்னிங் குடுக்கும்போது குதிரை தடுக்கி விழுந்துச்சு, தலையில ஹெல்மெட் இல்ல, மண்டையோடு உடைஞ்சு வாரக்கணக்குல கோமா. கம்பீரம் போயிடும்னு சொல்றீங்க, 2012 லண்டன்ல சார்லட் டுஜார்டின் ஹெல்மெட் போட்டுத்தான் ரெண்டு தங்கம் ஜெயிச்சாங்க, இசைக்கு ஏத்த மாதிரி ஓட்டற ஃப்ரீஸ்டைல்ல 90 சதவீதத்துக்கு மேல மார்க்கு.

சேணக்காரன்:
அவங்க விரும்பிப் போட்டாங்க, நான் கேக்கறதும் அந்த விருப்பத்தைத்தான்.

குளம்படி:
ரெண்டு பேரும் ரைடர் தலையிலயே நிக்கறீங்க, ரைடராவது வாயத் திறந்து சொல்லுவாங்க, குதிரை மூக்கைச் சுத்திக் கட்டுற நோஸ்பேண்ட் வாரைப் பத்தி யாரு பேசறது? ரெண்டு விரல் உள்ள போகணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா முக்கால்வாசி பேரு கன்னத்துப் பக்கம், இல்லன்னா தாடைக்கு அடியில விரலை விட்டுட்டு "லூஸாத்தான் இருக்கு"ங்கறாங்க. அங்க சதை, விரல் போகத்தான் செய்யும். மூக்கு எலும்புக்கு நேர் மேல விட்டுப் பாருங்க, வார் அப்படியே எலும்புல ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த அளவு இறுக்கினா குதிரையால தாடைய அசைக்க முடியாது, எச்சில் முழுங்கறது கூட கஷ்டம், வாய் திறக்காம அழகா இருக்குன்னு ஜட்ஜ் மட்டும் நினைச்சுக்கலாம்.

சேணக்காரன்:
நோஸ்பேண்ட் லூஸா விட்டா பிட் (வாய்க்குள்ள போடற கடிவாள இரும்பு) ஆடும், டபுள் பிரைடில்னா உள்ள ரெண்டு பிட், அது நிதானமா நிக்க ஒரு பிடிமானம் வேணாமா? எல்லாத்துக்கும் கொடுமைன்னு பேர் வெச்சா எப்படி?

குளம்படி:
பிட் நிதானமா நிக்கறது ரைடர் கையால, வாயைக் கட்டிப்போட்டு இல்லங்க. குதிரை வாயைத் திறந்தா "வலிக்குது"ன்னு சொல்லுதுன்னு அர்த்தம், அதை வார் போட்டு மூடிட்டு மார்க்கு வாங்கறது என்ன நியாயம்?

லகான்:
மீசை முடியையும் சேர்த்துக்கோங்க. மூக்கு, வாய்க்கு நேர் கீழ இருக்கறது குதிரைக்குக் கண்ணுல படாது, அந்த நீள முடியாலதான் தீனி எங்க, தொட்டி விளிம்பு எங்கன்னு தடவித் தெரிஞ்சுக்குது. ஷோவுக்கு மூஞ்சி வழுவழுன்னு தெரியணும்னு அதைப் போய் ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, எஃப்.இ.ஐ. 2021 ஜூலைலதான் தடை போட்டுச்சு.

சேணக்காரன்:
மீசை முடி விஷயத்துல சண்டைக்கு வரல, அது வேணும். ஆனா பிடரி மயிரைப் பின்றது, சேணத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கறது, சேடில் பேட் வெள்ளையா வெச்சுக்கறது இதெல்லாம் குதிரைக்கு வலிக்காது. இப்ப அதுக்கும் "எதுக்கு"ன்னு கேக்கறாங்களே, அதுதான் எரிச்சல். குதிரையக் கூட்டிட்டு வர்றவங்க அக்கறையா வந்திருக்காங்கன்னு ஜட்ஜுக்கு முதல்ல தெரியறதே அதுலதான்.

லகான்:
பின்னுங்க, துடைங்க, யாரு வேணாம்னா? அதே அக்கறையில ஹெல்மெட்டையும் பாருங்க. ஒரு தடவ விழுந்தாலே மாத்தணும், வெளிய கீறல் இல்லன்னாலும் உள்ள ஃபோம் நசுங்கிருக்கும்.

குளம்படி:
என் கோரிக்கை ஒண்ணுதான். எந்தப் போட்டியா இருந்தாலும் ஸ்டூவர்ட் (விதியைக் கண்காணிக்கற அதிகாரி) ஒவ்வொரு குதிரைக்கும் நோஸ்பேண்ட மூக்கு எலும்பு மேல வெச்சு அளக்கணும், ஆளப் பாத்து, பேரப் பாத்து விடக்கூடாது. சேணக்காரன் சார், இதுக்காவது ஒத்துக்கறீங்களா?

சேணக்காரன்:
அளக்கட்டும், ஆனா அரங்கத்துல டெஸ்ட் ஓட்டி முடிஞ்சு வெளிய வந்தப்புறம். உள்ள போற நேரத்துல மூஞ்சியில கை வெச்சா குதிரை மிரளும்.