புதுப்பிப்பு: வில்லுக்கு மரம் கிடைத்துவிட்டது

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் மரவில் செய்ய என்ன மரம் ஆகும் என்று போன வருடம் கேட்டிருந்தேன். பலர் சொன்னது, தேயிலைக்கு நிழலாக நிற்கும் சபுக்கு (சில்வர் ஓக்). செய்து பார்த்தேன். முழுதாக வளைப்பதற்குள் முதுகுப்பக்கம் (எய்பவருக்கு எதிர்ப்புறம்) சிலாம்பு கிளம்பி முறிந்தது.

அப்புறம் பதுளையில் மாமா வீட்டில், மழைக்குச் சரிந்த கித்துள் (கூந்தல்பனை) மரத்தில் ஒரு துண்டம் கிடைத்தது. நடுவில் வெறும் சோற்றி, அதாவது மெத்தென்ற உட்பகுதி. கறுப்பு நார் நெருங்கிய வெளிவைரம்தான் வில்லுக்கு ஆகும். வெளிப்புறத்தை முதுகாக வைத்து, உள்பக்கத்தை மட்டும் செதுக்கினேன். பனைக் குடும்பத்துக்கு ஆண்டு வளையம் கிடையாது, ஆகவே மற்ற மரங்களைப்போல் முதுகில் ஒரே வளையத்தைக் காக்க வேண்டியதில்லை, நார் வெட்டுப்படாமல் பார்த்தால் போதும். சிலாம்பு கையில் ஏறினால் வலியில் உயிர் போகும், கட்டாயம் கையுறை போடுங்கள்.

காய வைப்பதுதான் இங்கே பெரும்பாடு. மூடுபனி ஈரம் மரத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஈர மரத்தில் செய்த வில் வளைந்தபடியே நின்றுவிடும். வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, அடுப்படிப் பரணில் நான்கு மாதம் வைத்தேன். வாரம் ஒருமுறை எடை பார்த்து, அது குறைவது நின்ற பிறகே உளியை எடுத்தேன்.

நூறு அம்புக்கு மேல் விட்டாயிற்று, வில் நன்றாக நிமிர்கிறது. அவ்வளவு சந்தோஷம். இப்போது பரணில் ஒரு கொய்யாக் கொம்பு காய்கிறது.